பிளாட்பாரமும் பக்கத்து வீடுதான்

காலை எட்டு மணிக்குச் சென்னை வால்டாக்ஸ் ரோடு பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பிளாட்பாரத்தில் ஒரு அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு குழந்தை பல் துலக்கிக்கொண்டிருக்கும். சிக்னலில் நிற்கும் ஸ்கூல் ஆட்டோவிலிருந்து யூனிபார்ம் போட்ட ஒரு குழந்தை அதைப் பார்த்துக் கை ஆட்டும். பிளாட்பாரக் குழந்தையும் திருப்பிக் கை ஆட்டும். சிக்னல் விழும். ஆட்டோ கிளம்பிவிடும்.

அந்த யூனிபார்ம் குழந்தை வளர்ந்து காலேஜுக்குப் போகும்போது அதே சிக்னலில் பைக்கில் நிற்கும். ஆனால் கை ஆட்டாது. கண்ணைக்கூடத் திருப்பாது. நடுவில் என்ன நடந்தது?

"அங்கே பார்க்காதே", "அவங்களோட பேசாதே", "ஒழுங்கா படிக்கலேன்னா அப்படித்தான் ஆயிடுவே". இதுதான் நடந்தது. மூன்றாவது வாக்கியம்தான் மிகவும் மோசமானது. ஒரு மனிதர் வீடில்லாமல் இருப்பது அவர் செய்த தப்புக்குத் தண்டனை என்று அது சொல்லிக் கொடுக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28ஆம் தேதி இரவு, வீடில்லாதவர்களைத் தனியாக எண்ணினார்கள். பிளாட்பாரம், மேம்பாலத்தின் அடி, ரயில்வே ஸ்டேஷன், கோயில் மண்டபம், பெரிய சிமெண்ட் குழாய் என்று கூரை போட்ட வீடு என்று சொல்ல முடியாத இடங்களில் தூங்கியவர்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். 2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இன்றும் எல்லோரும் இந்தப் பழைய எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணப்படாத ஆள் எந்தத் திட்டத்திலும் வரமாட்டார் என்பது தனிக் கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம். குழந்தைகள் எல்லாம் வெள்ளை மனசு, பெரியவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை.

டெல்லியில் 2007ல் ஒரு மாற்றம் வந்தது. அரசிடமிருந்து சலுகை விலையில் நிலம் வாங்கிய தனியார் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்கு 20 சதவீத இடம் ஒதுக்கியாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. பொருளாதார ஆய்வாளர் கௌதம் ராவ் இதை வைத்து ஒரு ஆய்வு செய்து 2019ல் வெளியிட்டார். அதில் ஒரு ரிலே ரேஸ் வருகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஓட்டத்துக்குத் தங்கள் ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளை ஒருவர், அவரைவிட மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளை ஒருவர். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் பிறகு அவரோடு சேர்ந்து விளையாடிப் பழக வேண்டும்.

ஜெயித்தால் 500 ரூபாய் என்றபோது கிட்டத்தட்ட எல்லோரும் வேகமாக ஓடுபவரையே எடுத்தார்கள். 50 ரூபாய் என்றபோது மூன்றில் ஒருவர் பக்கம், தோற்றாலும் பரவாயில்லை என்று பணக்காரப் பிள்ளையை எடுத்தார்கள்!

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒதுக்கி வைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. விலை ஏறினால் டிமாண்ட் குறைகிறது. விலை மலிவாக இருந்தால் குழந்தைகள்கூட ஒதுக்குவார்கள். ஆக, வெள்ளை மனசு என்ற பேச்சு மட்டும் உதவாது.

ஆனால் அதே ஆய்வின் அடுத்த பகுதிதான் முக்கியம். ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்த வசதியான பிள்ளைகள், அப்படிப் படிக்காதவர்களைவிடக் குறைவாகவே ஒதுக்கினார்கள். மற்றவர்களோடு அதிகமாகப் பகிர்ந்துகொண்டார்கள். யாரும் அவர்களுக்கு நீதிபோதனை வகுப்பு எடுக்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். படிப்பு கெட்டதா? கணக்கிலும் இந்தியிலும் பாதிப்பு இல்லை. ஆங்கில மதிப்பெண்ணில் மட்டும் சின்னச் சரிவு. பெற்றோர்களின் பயத்துக்கு இதைவிட நேர்மையான பதில் கிடைப்பது கஷ்டம்.

இப்போது பல வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு இல்லத்துக்கு அழைத்துப்போய் பிஸ்கட் பாக்கெட் கொடுக்க வைக்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே ஒரு குழந்தை கொடுக்கிறது, இன்னொரு குழந்தை வாங்குகிறது. இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுவதில்லை, சண்டை போடுவதில்லை, ஒருவர் டிபனை ஒருவர் பிடுங்கித் தின்பதில்லை. இது இல்லாமல் நட்பு எப்படி வரும்? இரக்கம் வரும். இரக்கம் வேறு, பக்கத்து வீட்டுக்காரர் என்ற நினைப்பு வேறு.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழை, பின்தங்கிய குழந்தைகளுக்கு. 2012ல் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் விண்ணப்பிக்கப் போனால் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பதற்கு முகவரிச் சான்று கேட்பார்கள். பள்ளியின் சுவரை ஒட்டிய பிளாட்பாரத்திலேயே பிறந்து வளர்ந்த குழந்தை அதற்கு எங்கே போகும்? அந்தப் பள்ளிக்கு அதைவிடப் பக்கத்தில் யார் இருக்க முடியும்?

பெரியவர்களின் இன்னொரு வழி, கண்ணுக்கு மறைவாக அனுப்பிவிடுவது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று கட்டிக் கொடுத்தார்கள். வீடு கிடைத்தது உண்மை. பல குடும்பங்களுக்கு வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டன என்பதும் உண்மை. இரவு விடுதிகளும் இருக்கின்றன. 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு விடுதி வேண்டும் என்று 2010ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்ற விடுதி அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று இருக்கும் குடும்பத்துக்கு எப்படி ஒத்துவரும்?

இதையெல்லாம் முடிவு செய்யும்போது அந்தக் குழந்தைகளிடம் யாராவது கேட்டார்களா? கேட்க முடியாத விஷயமில்லை. ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2017ல் தெருச் சூழலில் வாழும் குழந்தைகளைப் பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்காக 32 நாடுகளில் 327 குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் கருத்து கேட்டார்கள். அவர்கள் வற்புறுத்தியது, தங்களை மரியாதையோடு நடத்த வேண்டும் என்பதைத்தான்.

வாய்ப்பு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2019 மே மாதம் லண்டனில் தெருவோரச் சிறார்களுக்கான முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தது. லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தை ஜெயித்துக் கோப்பையை வாங்கியது, சென்னைப் பிள்ளைகளும் ஆடிய தென்னிந்திய அணி. 2023ல் அதே போட்டி சென்னையிலேயே நடந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆட்டோவிலிருந்து கை ஆட்டும் குழந்தை பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. எதிரே இன்னொரு குழந்தை இருக்கிறது என்று மட்டும் அதற்குத் தெரிகிறது. அந்தக் கையை இறக்கச் சொல்லாமல் இருப்பது பெற்றோரின் வேலை. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது பள்ளியின் வேலையும் அரசின் வேலையும்.

அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அங்கே ஒரு குழந்தை கை ஆட்டினால் என்ன செய்வீர்கள்?