எட்டு மாத வேலையா, எட்டு வருட வேலையா?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் திறக்கப்பட்டது. சுமார் 2,500 ஏக்கர் நிலம், 25 லட்சம் சோலார் தகடுகள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது என்று அது பேசப்பட்டது. எட்டே மாதத்தில் கட்டி முடித்ததாகவும், அதற்காக 8,500 பேர் உழைத்ததாகவும் அதை அமைத்த நிறுவனம் பெருமையோடு அறிவித்தது.

அந்த எட்டு மாதம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. தகடுகளில் படியும் தூசியைத் துடைக்க ரோபோக்கள் வந்தன. சூரிய மின் நிலையத்தை நடத்த அதிக ஆள் தேவையில்லை என்பது அதன் இயல்பு. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால், ‘பசுமை வேலைவாய்ப்பு’ என்று மேடைதோறும் பெரிய எண்கள் அறிவிக்கப்படும் இந்தக் காலத்தில், அந்த எண்ணுக்குள் இருப்பது எட்டு மாத வேலையா, எட்டு வருட வேலையா என்று கேட்டாக வேண்டும்.

பசுமை வேலை என்றால் என்ன என்பதற்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு வரையறை வைத்திருக்கிறது. சுற்றுச்சூழலைக் காக்கவோ மீட்கவோ உதவும் கண்ணியமான வேலை என்பது அதன் சாரம். இதில் ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல்லை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ‘கண்ணியமான’ என்ற சொல் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

உலக அளவில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை 2023இல் ஏறக்குறைய 1.62 கோடிப் பேருக்கு வேலை கொடுத்தது. இந்தியாவின் பங்கு சுமார் 10 லட்சம். இந்த எண்ணிக்கை கூடப்போகிறது என்பதில் சந்தேகமில்லை. எந்த வழியில் போனால் அதிகம் பேருக்கு, நெடுநாள் வேலை கிடைக்கும் என்பதுதான் கேள்வி. 2017இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. தரையில் அமைக்கும் பெரிய சூரிய மின் நிலையத்தில் ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 3.5 வேலைகள் கிடைக்கின்றன. அதே ஒரு மெகாவாட்டை வீட்டுக் கூரைகளில் பிரித்து வைத்தால் சுமார் 25 வேலைகள். ஏழு மடங்கு!

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தால் புரியும். மூன்று கிலோவாட் அமைப்பு ஒன்றுக்கு முதலில் ஒருவர் வந்து நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறார். பக்கத்து வீட்டுத் தென்னை மரமும் தண்ணீர் டேங்கும் அவர் கணக்கில் வருகின்றன. பிறகு வெல்டர் வந்து இரும்புச் சட்டத்தை மாடியில் பதிக்கிறார். தகடுகளை ஏற்ற இரண்டு பேர். இன்வெர்ட்டர் மாட்டி, ஒயர் இழுத்து, எர்த்துக் குழி போட ஓர் எலக்ட்ரீஷியன். நெட் மீட்டருக்காக மின்வாரிய அலுவலகத்துக்கு நடக்க ஒருவர். அடுத்த வீட்டுக்குப் போனால் இதே வரிசை மறுபடியும் தொடங்குகிறது. இந்த வேலைக்கு யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. உசிலம்பட்டிக்காரர் உசிலம்பட்டியிலேயே செய்யலாம்.

ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் அமைக்க மத்திய அரசு 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. இதனால் 17 லட்சம் நேரடி வேலைகள் உருவாகும் என்பது அரசின் மதிப்பீடு. அந்த 17 லட்சத்தில் எத்தனை பேர் முறையாகப் பயிற்சி பெற்றவர்களாக இருப்பார்கள்? வெயில் நேரத்தில் தகடுகளில் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் தகட்டுப் பக்கம் உயிரோடுதான் இருக்கும். வீட்டு ஒயரிங் மட்டுமே பழகியவருக்கு இது தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. 2015இல் தொடங்கிய ‘சூர்யமித்ரா’ போன்ற பயிற்சிகள் இதைச் சொல்லிக்கொடுக்கின்றன. அவை எல்லா வட்டத்துக்கும் வர வேண்டும்.

காற்றாலைக்கு வருவோம். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியில் 1990களில் நட்ட சிறிய காற்றாலைகள் பல இன்னும் சுழல்கின்றன. 225, 250 கிலோவாட் திறனுள்ளவை அவை. இன்றைய ஒரு பெரிய காற்றாலை அவற்றில் பத்துக்கு ஈடு. நாட்டில் காற்று நன்றாக வீசும் கணவாய்களில் ஒன்றான இங்கே பழைய இயந்திரங்கள் இடத்தை அடைத்து நிற்பதால், அவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக்கொள்கை வெளியிட்டது. பழையதைக் கழற்றி இறக்குவது, இறக்கையை அறுத்து அப்புறப்படுத்துவது, புதிய அடித்தளம் போடுவது, அதன்பின் இருபது வருடம் பராமரிப்பது என எல்லாமே வேலை.

அந்தப் பராமரிப்பு எளிதான காரியம் இல்லை. வைகாசியில் காற்று எடுக்கும் முன் டெக்னீஷியன்கள் ஒவ்வொரு காற்றாலையாக ஏறி இறங்கியாக வேண்டும். இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கோபுரத்துக்குள் செங்குத்தான ஏணியில் இருபது மாடி உயரத்துக்கு மேல் ஏறுகிறார்கள். உச்சியில் உள்ள இயந்திர அறை சித்திரை வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும். அங்கே குனிந்தபடியே கியர்பாக்ஸ் ஆயில் பார்த்து, பிரேக் பார்த்து, போல்ட்டுகளை அளவு தவறாமல் முறுக்க வேண்டும். இவர்களில் பலர் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த கிராமத்துப் பிள்ளைகள். இந்த உழைப்புக்கு நிரந்தரப் பணியும் முழுமையான விபத்துக் காப்பீடும் கொடுக்காமல், துணை ஒப்பந்ததாரர் கையில் அவர்களை விட்டுவிடுவது நியாயமா?

திருப்பூர் சொல்லும் பாடம் வேறு. சாயக்கழிவால் நொய்யல் ஆறு நாசமானதை அடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன, ஊரே தவித்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு மாறிய பிறகே தொழில் மீண்டது. சாயத் தண்ணீரை நுண்ணுயிர்களால் தெளியவைத்து, சவ்வுகளில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரையும் உப்பையும் பட்டறைக்கே திருப்பித் தருகிறார்கள். லேப் கெமிஸ்ட், பாய்லர் ஆபரேட்டர், ஃபிட்டர் என இதற்காக ஒரு புதிய தொழிலாளர் வரிசையே உருவானது. சட்டம் கறாராக இருந்த இடத்தில் பசுமை வேலை தானாகப் பிறந்தது. ஆனால் கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி இறந்தவர்களின் செய்திகள் தமிழ்நாட்டில் இன்னும் நிற்கவில்லை. ஆளை இறக்கிச் சுத்தம் செய்யும் எந்த நிலையமும் பசுமை நிலையம் ஆகாது.

தொழில் மாறவேண்டியவர்களையும் மறக்கக் கூடாது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்சார கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அந்த வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை, என்ஜின் ஆயில் இல்லை. புளியமரத்தடியில் முப்பது வருடம் டூவீலர் பழுதுபார்த்த மெக்கானிக் இனி எதைக் கழற்றி மாட்டுவார்? அவர் கைப்பழக்கம் வீணாகாமல் இருக்க, மாலை நேரத்தில், கூலி இழக்காமல், பேட்டரியும் கன்ட்ரோலரும் கற்க ஒரு வழி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பசுமை வேலை என்ற பெயர் வருவதற்கு முன்பே அதைச் செய்துவந்தவர்கள் இருக்கிறார்கள். கிராமங்களில் வீடுவீடாகப் போய் மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிக்கும் தூய்மைக் காவலர்கள் தமிழ்நாட்டில் 66,000 பேருக்கு மேல். 2022இல் அவர்களுக்கான மாத மதிப்பூதியம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்த்திய பிறகு 5,000! சோலார் தகட்டுக்கு மானியம் கொடுக்கத் தெரிந்த நமக்கு, மண்ணை பிளாஸ்டிக்கிலிருந்து காப்பவருக்குச் சம்பளம் என்று ஒன்றைக் கொடுக்கத் தெரியவில்லை.

அரசு மூன்று காரியங்களைச் செய்ய முடியும். முதலாவது, முதலீட்டு ஒப்பந்தங்களில் வேலைவாய்ப்பு எண்ணிக்கையைக் கட்டுமான வேலை, நிலையான வேலை என்று பிரித்து அறிவிப்பது. இரண்டாவது, மானியம் பெறும் ஒவ்வொரு திட்டத்திலும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ., விபத்துக் காப்பீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்குவது. மூன்றாவது, கூரை சோலார், காற்றாலைப் பராமரிப்பு, மின்வாகனப் பழுது ஆகியவற்றை மாவட்டந்தோறும் அரசு ஐ.டி.ஐ.களில் வழக்கமான பிரிவுகளாகச் சேர்ப்பது. அடுத்த ஆண்டு ஐ.டி.ஐ. சேர்க்கை விண்ணப்பம் வெளியாகும்போது அந்தப் பிரிவுகளின் பெயர்கள் அதில் இருக்கட்டும். தூய்மைக் காவலர்களின் ஊதியம் அதற்கும் முன்பாகவே உயரட்டும்.