எக்செல்லுக்கு 1665 தெரியாது

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்செல் பழக வேண்டுமென்றால், மளிகைக் கணக்கு போடுங்கள் என்பார்கள். நானும் போட்டேன். இரண்டே மாதத்தில் அலுத்துவிட்டது. பிறகு 2020 ஊரடங்கின்போது, இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஒரு சிறு கிராமத்தைப் பற்றிப் படித்தேன். ஆங்கில எழுத்துகளைக் கூட்டினால் 'ஈயம்' என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் 'ஈம்' என்கிறார்கள். (ஈயச் சுரங்கங்கள் இருந்த ஊர் அது என்பது தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வேடிக்கை!)

1665 செப்டம்பரில், லண்டனிலிருந்து வந்த துணியோடு பிளேக் அங்கே நுழைந்தது என்பார்கள். முதலில் இறந்தவர் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற தையல் தொழிலாளி. மறு ஆண்டு ஜூனில், நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்று பாதிரியார் வில்லியம் மாம்பசன் கேட்டுக்கொள்ள, ஊரே தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தார். 1666 நவம்பரில் நோய் ஓய்ந்தபோது சுமார் 260 பேர் போய்விட்டிருந்தார்கள்.

இத்தனை பேரையும் பெயர் சொல்லி அறிய முடிவதற்குக் காரணம் சர்ச் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு சர்ச்சும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538-லேயே அங்கு உத்தரவு வந்துவிட்டது.

இணையத்தில் கிடைத்த அடக்கப் பட்டியல் ஒன்றை எக்செல்லில் டைப் செய்தேன். தேதி வாரியாக அடுக்கச் சொன்னால் தாறுமாறாக வந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது: எக்செல்லின் காலண்டர் 1900-ல்தான் தொடங்குகிறது! அதற்கு முந்தைய தேதி எதுவும் அதற்கு வெறும் எழுத்துதான். சரி என்று ஆண்டு, மாதம், நாள் என மூன்று பத்திகளாகப் பிரித்து அடுக்கினேன். இப்போது பிப்ரவரி 1665-ல் இறந்தவர்கள், செப்டம்பர் 1665-ல் இறந்த தையல் தொழிலாளிக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அப்படியானால் துணி மூட்டைக் கதை பொய்யா? பெரிய கண்டுபிடிப்பு என்று துள்ளினேன்.

கண்டுபிடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டுக் கணக்கு மார்ச் 25-ல்தான் மாறும். அவர்கள் எழுதிய பிப்ரவரி 1665, நம் கணக்கில் பிப்ரவரி 1666. நான் மட்டும் அன்றைக்கே அதை எங்காவது ஏற்றியிருந்தால், இன்று பத்துப் பேர் அதை 'ஆதாரம்' என்று எடுத்து ஒட்டியிருப்பார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 350 பேர் வாழ்ந்த ஊரில் 83 பேர்தான் மிஞ்சினார்கள் என்ற கணக்கை இணையத்தில் எங்கும் பார்க்கலாம். ஆனால் அந்தக் கால அடுப்பு வரிக் கணக்கையும் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஊரில் அதைப்போல் இரு மடங்கு மக்கள் இருந்திருப்பார்கள் என்கிறார்கள். நான்கில் மூன்று பேர் இறந்தார்கள் என்பதற்கும் மூன்றில் ஒருவர் இறந்தார் என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! ஆயிரம் தளங்களில் இருப்பதால் ஒரு எண் ஆயிரம் சாட்சிகளைப் பெற்றுவிடாது.

குடும்ப மரம் வரையும் தளங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 'இவர் உங்கள் முன்னோரா?' என்று கேட்டு ஒரு பட்டனைக் காட்டும். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் வைக்கும் ஊர்களில் அதை நம்பிக் கிளிக் செய்தால், பிறருடைய தாத்தா உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஃப்ரீரெக் தளத்தில் தன்னார்வலர்கள் சர்ச் பதிவேடுகளைப் படித்து டைப் செய்து இலவசமாகத் தருகிறார்கள். அருமையான உழைப்பு. ஆனாலும் அது வழிகாட்டிதான். பதிவேட்டுப் பக்கத்தின் படம் கிடைத்தால், அதைத் திறந்து உங்கள் கண்ணால் ஒருமுறை படியுங்கள்.

எக்செல்லில் நான் இப்போது வைத்திருப்பது ஐந்து பத்திகள். மூன்றில் பதிவேட்டில் உள்ளபடியே நாள், மாதம், ஆண்டு. நான்காவதில் நம் கணக்கில் ஆண்டு. ஐந்தாவதில், அந்தத் தகவலை எங்கே பார்த்தேன் என்ற குறிப்பு. ஐந்தாவது பத்தி காலியாக உள்ள வரிகளை மஞ்சள் நிறமாக்கியிருக்கிறேன். திரையில் இன்னும் நிறையவே மஞ்சள் தெரிகிறது.