கட்டிலுக்கு அடியில் ஒரு டப்பா

காரவள்ளியில் ஆரம்பிச்சு சோளக்காடு போய்ச் சேர்றதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு. காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டையில் நிற்குது பாஸ்! அந்த நேரம் பார்த்து ரூம்மேட்டோட பாட்டி ஒரு தட்டை நீட்டினாங்க. வறுத்த அரிசி, நடுநடுவே பழுப்பா ஏதோ.

"ஈசல் கண்ணு, சாப்புடு."

முந்தின நாள் மழை விட்டதும் புற்றுக்குப் பக்கத்தில் விளக்கு வெச்சுப் பிடிச்சதாம். காயவெச்சு, இறகைப் புடைச்சுத் தள்ளிட்டு, வெறும் சட்டியில் வறுத்தா போதும். எண்ணெய்கூட வேண்டாம். அதிலேயே அவ்வளவு கொழுப்பு!

நண்பன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காரணம் இருக்கு. ஹாஸ்டலில் ஊர் டப்பாவை கட்டிலுக்கு அடியில் ஒளிச்சு வெச்சு, தனியா சாப்பிடுவான். முதல் வருஷம் மெஸ் ரசத்தில் எறும்பு மிதந்தப்போ, "உங்க மலையில் இதுதானே சைட் டிஷ்?"னு ஒருத்தன் கேட்டான். மொத்த டேபிளும் சிரிச்சது. கேட்டது நான்தான்.

கண்ணை மூடிக்கிட்டு ஒரு வாய் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது... வறுத்த வேர்க்கடலை மாதிரி, அதைவிட மொறுமொறு!

திரும்பி வந்து தேடிப் படிச்சதில் இன்னும் வெட்கமாப் போச்சு. புறநானூறு 119-வது பாட்டில் கபிலர், பாரி நாட்டுச் சாப்பாடா சொல்றது ஈசலும் மோரும் சேர்ந்த புளிக்கறி! பாரியும் நம்ம கொல்லிமலை ஓரியும் ஒரே வள்ளல் லிஸ்ட். உலகத்தில் சுமார் 200 கோடி பேர் சாப்பாட்டில் பூச்சி உண்டுன்னு ஐ.நா. உணவு அமைப்பு 2013-ல் கணக்கு சொல்லுச்சு. மாடு ஒரு கிலோ எடை போட 8 கிலோ தீனி வேணும்; பூச்சிக்கு சராசரியா 2 கிலோ. மெக்கானிக்கல் பசங்களே, எஃபிஷியன்சி பார்த்தீங்களா? சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளுக்கு அனுமதியே கொடுத்துடுச்சு. அங்கே ரெஸ்டாரன்ட்டில் தட்டில் வந்தா போட்டோ எடுத்துப் போடுவோம். இங்கே பாட்டி கொடுத்தா 'உவ்வே'!

ஒண்ணு, வெட்டுக்கிளி மாதிரி ஈசலைப் பண்ணையில் வளர்க்கறது கஷ்டம். புற்றும் மழையும் இருந்தாத்தான் வரும். இன்னொண்ணு, இறால் அலர்ஜி உள்ளவங்க தொடாதீங்க.

நண்பன்கிட்ட பஸ்ஸில் ஸாரி கேட்டேன். ஜன்னல் பக்கமே பார்த்துட்டு, "விடுடா"ன்னான். இந்த வாரம் டப்பா கட்டிலுக்கு மேலே இருந்தது. நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள பக்கத்து ரூம் கும்பல் புகுந்துட்டானுங்க. எனக்கு மிஞ்சினது வறுத்த அரிசிதான்.