பொறுத்துக்கொள் என்று சொல்வது யார்?

ஆகஸ்ட் 6 நெருங்கினால் நம் பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகள் காகிதக் கொக்கு மடிப்பார்கள். இரண்டு வயதில் ஹிரோஷிமா அணுகுண்டுக்குத் தப்பி, 1955-ல், பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோய்க்குப் பலியான சடாகோ சசாகியின் நினைவு அது. ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது கைகூடும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. 644 மடித்த நிலையில் அவள் இறந்துவிட்டாள் என்ற கணக்கு, 1977-ல் வந்த ஓர் அமெரிக்கச் சிறுவர் நூலால் பரவியது. அவள் ஆயிரத்தைத் தாண்டினாள் என்கிறார்கள் குடும்பத்தார். ஹிரோஷிமா அருங்காட்சியகமும் அதையே சொல்கிறது. ஆயிரம் ஆயிற்று, நோய் போகவில்லை, மறுபடியும் மடித்தாள். மருந்து மடித்துவந்த தாளைக்கூட விடவில்லை. ஊசிமுனை கொண்டே மடிக்கக்கூடிய அளவுக்குச் சிறிய கொக்குகளும் அவற்றில் உண்டு.

படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது, ‘என்ன மனஉறுதி!’ என்கிறோம். அந்த வியப்போடு நின்றுவிட்டால் அவளுக்கு நாம் அநீதி செய்கிறோம். அணுகுண்டால் பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவத்துக்கென ஜப்பானில் சட்டம் வந்தது 1957-ல். அவள் இறந்து ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. கைவிடப்பட்டது அவள் மட்டுமல்ல. 1948-ல் அரசு எடுத்த கணக்கில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் 1,23,000-க்கும் மேல். காப்பகங்களில் இடம் கிடைத்தது சுமார் 12,000 பேருக்குத்தான். பெரும்பாலோர் உறவினர் வீடுகளில் ஒண்டினார்கள். டோக்கியோவின் உவேனோ ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் படுத்துறங்கியவர்களும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் அரசு ஓய்வூதியம் தந்தது; குண்டுவீச்சில் எல்லாம் இழந்த பொதுமக்களுக்கு அப்படி எதுவும் இல்லை. நகோயா குண்டுவீச்சில் ஊனமுற்ற பெண்களின் வழக்கில், போர்ச் சேதத்தை மக்கள் அனைவரும் சமமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதே என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. டோக்கியோ குண்டுவீச்சில் அநாதையானவர்கள் உட்படப் பலர் 2007-ல் தொடுத்த வழக்கும் 2013-ல் தோற்றது. பிள்ளைகளிடம் நாம் மெச்சும் அதே பொறுமைதான் அங்கே கடமையாகச் சுமத்தப்பட்டது.

அந்தப் பிள்ளைகள் தாக்குப்பிடித்தது வெறும் மனவலிமையால் அல்ல. 1946 இறுதியில் வெளிநாட்டு நிவாரணப் பொருள்களைக் கொண்டு பள்ளி மதிய உணவு மீண்டும் தொடங்கியது. பசித்த வயிற்றுக்கு நம்பிக்கை முதலில் உணவாகத்தான் வந்தது. பிறகு தோழமையாகவும் வந்தது. சடாகோவின் வகுப்புத் தோழர்கள் ஒரு நினைவுச் சின்னத்துக்காக நாடெங்கும் பள்ளிகளிடம் நிதி கேட்டார்கள். 3,100-க்கும் மேற்பட்ட பள்ளிகள் கைகொடுத்தன. 1958 மே 5, ஜப்பானின் குழந்தைகள் தினத்தில், அது திறக்கப்பட்டது.

போரைத் தொடுத்த நாட்டின் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு இரக்கம் என்று சிலர் கேட்பார்கள். தமிழருக்கு அந்தக் கேள்வி அந்நியமானதல்ல. ஜப்பானிய ராணுவம் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். தோட்டத்து லயங்களில் தகப்பனுக்காகக் காத்திருந்த பிள்ளைகளும் போரின் பிள்ளைகளே. அந்தக் கணக்கை ஜப்பானிய அரசிடம் கேட்க வேண்டும், இரண்டு வயதுக் குழந்தையிடம் அல்ல. மனஉறுதிக் கதைகள் இன்று துயரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெம்பு தருமே என்பார்கள் வேறு சிலர். தரும், தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது 1957 என்ற ஆண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்தச் சட்டம் ஏன் அதற்கு முன்பே வரவில்லை என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கட்டும்.