சுலபமான பரீட்சை

"எனக்குக் கவனமே நிற்பதில்லை, டாக்டர்!"

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் பலர் இப்படி வருகிறார்கள். ஏ.டி.எச்.டி. என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கக்கூடும். சுறுசுறுப்பு மாத்திரையும் கிடைக்கும். இதில் நிஜம் எது, நடிப்பு எது?

கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட யாராலும் முடியும். ஆகவே வேறு யுக்தி வேண்டியிருந்தது. கனடா நாட்டு மனநூல் நிபுணர் ஒருவர் 1996-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். 50 படங்களைக் காட்டுவார்கள். பிறகு இரண்டிரண்டு படமாக நீட்டி, "முன்பு பார்த்தது எது?" என்பார்கள். பார்வைக்கு மலைப்பு, உண்மையில் வெகு சுலபம்! மூளையில் அடிபட்டவர்கள்கூடப் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே ஏறக்குறைய 25 சரியாகிவிடுமே! அதற்கும் மிகக் குறைந்தால்? விடை தெரிந்தேதான் தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால், ஒரு சோதனையில் சறுக்கியவரையெல்லாம் பொய்யர் என்று நல்ல டாக்டர் தள்ளிவிட மாட்டார். வேறு சோதனைகளும் வைப்பார். 12 வயதுக்கு முன்பே தொல்லை இருந்ததா என்று வீட்டாரை விசாரிப்பார். ஏனென்றால் நிஜமாகவே அவதிப்படுகிறவரும், 'நம்பமாட்டார்களோ' என்ற பயத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவதுண்டு. வகுப்பில் சத்தமில்லாமல் கனவு கண்டுகொண்டிருந்த பெண்ணை அன்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முப்பத்தைந்து வயதில் டாக்டரிடம் வரும்போது அவளுக்கு அந்தப் பயம் இருக்காதா?

டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், சகோதரி. கூட்டிச் சொன்னால் உள்ளதும் எடுபடாமல் போய்விடும்!