வளவாளர் யார்?

அண்மையில் கல்முனையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் பேசினார். ஆபிரிக்க நாடகக் கலைஞர்களுக்கு ஐரோப்பிய அரங்கியலாளர்கள் பயிற்சி அளிக்கிறார்கள், இரு தரப்பாரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள், உலக மேடைகளுக்குப் போகிறார்கள். எமது பிள்ளைகளுக்கும் அப்படியொரு கூட்டுப் பயிற்சி வாய்த்தால்தான் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே அரங்கு என்றொன்று உருவாகும் என்பது அவரது பேச்சின் சாரம். சபையில் பலர் தலையாட்டினர். எனக்கு உடன்பாடில்லை. "உருவாகும்" என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே இதை எழுத வேண்டியிருக்கிறது.

உருவாகும் என்றால் இதுவரை இல்லை என்று பொருள். இதே கருத்தை வேறொரு தரப்பாரும் எமது ஊர்களில் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பொல்லடியும் றபானும் எமக்கு உரியவை அல்ல, கலியாண வீட்டிலும் கந்தூரியிலும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவை என்பது அவர்கள் கட்சி. நவீன அரங்கை இறக்குமதி செய்ய விரும்புபவரும், அரங்கே வேண்டாம் என்பவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. ஆயினும் எம்மிடம் ஒன்றுமில்லை என்பதில் இருவருக்கும் பூரண ஒற்றுமை!

பொல்லடி என்றால் என்னவென்று இளைய வாசகருக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது. ஆண்கள் இரு கையிலும் பொல்லுகளோடு வட்டமாக நிற்பர். அண்ணாவியார் காப்புப் பாடித் தொடங்கி வைப்பார். தாளம் மாறும்போது அடியும் மாறும், அடி மாறும்போது எதிரே நிற்கும் ஆளும் மாறுவார். ஒருவன் பிந்தினால் பக்கத்தவன் விரல் நசியும். வட்டம் விரிவதும் சுருங்குவதும் அண்ணாவியாரின் குரலுக்குக் கட்டுப்பட்டவை. உடல், குரல், வெளி, கூட்டு ஒழுங்கு என்று இன்றைய அரங்கப் பயிற்சியாளர்கள் தனித்தனித் தலைப்பிட்டுக் கற்பிப்பவை எல்லாம் அந்த வட்டத்துக்குள் இருந்தன. சீனடியையும், றபான் தட்டிக் கதை சொல்லிப் பாடும் பாவாமாரையும் பற்றி எழுத வேறொரு கட்டுரை வேண்டும்.

நண்பர் ஆபிரிக்காவை உதாரணம் காட்டியதால் அங்கேயே போவோம். கென்யாவில் லிமுருவுக்கு அருகே கமிரீத்து என்றொரு கிராமம். 1977இல் கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் அந்த மக்களோடு சேர்ந்து கிக்கூயு மொழியில் ஒரு நாடகம் உருவாக்கினர். கூகி அப்போது நைரோபிப் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். பிரதியை வாசித்துக் காட்டியபோது கிராமத்தவர் அவரைத் திருத்தினர். வயது போன மனிதர் இப்படிப் பேசமாட்டார் என்றனர். பழைய சடங்குப் பாடல்களை எடுத்துக் கொடுத்தனர். தோட்டத் தொழிலாளரும் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் நடித்தனர். சுமார் 2000 பேர் அமரக்கூடிய திறந்தவெளி அரங்கைத் தங்கள் கையாலேயே கட்டினர். பயிற்சி பெற்றவர் யாரென்று கேட்டால், பேராசிரியர் என்றே சொல்லவேண்டும். கூகியும் பின்னர் அவ்வாறே எழுதினார். ஒக்டோபரில் மேடையேறிய நாடகத்தை நவம்பரில் அரசு தடைசெய்தது. ஆண்டின் கடைசி நாளில் கூகி கைதானார். விசாரணையின்றி ஓராண்டளவு சிறையில் இருந்தார். 1982இல் அந்த அரங்கையே பொலிஸார் இடித்துத் தள்ளினர். ஐரோப்பியர் வந்து மூன்று நாள் செயலமர்வு நடத்தியிருந்தால் எந்த அரசும் புல்டோசர் அனுப்பியிராது.

இதற்கு எதிரான உதாரணம் பீட்டர் புரூக். 1972 டிசம்பரில் பாரிஸிலிருந்து ஒரு நடிகர் குழுவுடன் புறப்பட்டு, சஹாராவைக் கடந்து நைஜர், நைஜீரியா, மாலி என்று மூன்று மாதத்துக்கு மேல் சுற்றினார். ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கம்பளத்தை விரித்து, பொதுமொழி இல்லாத மக்கள் முன் நடித்துப் பார்த்தார்கள். பரீதுத்தீன் அத்தாரின் பறவைகளின் மாநாடு அந்தப் பயணத்தில் அவர்கள் கையில் இருந்த கதைகளில் ஒன்று. புரூக்கை நான் மட்டம் தட்டவில்லை. படிக்கவே அவர் போனார். ஆனால் நடித்து முடிந்ததும் கம்பளம் சுருட்டப்பட்டது. 1979இல் அத்தாரின் கதை பிரான்ஸின் அவிஞோன் விழாவில் நாடகமாயிற்று. சஹேல் கிராமத்தவன் அங்கே பரிசோதனைக் களமாக இருந்தான், பங்காளியாக இருக்கவில்லை. அதே புரூக்கின் மகாபாரதத்தில் (1985) பீஷ்மராக வந்த சோத்திகி குயாத்தே கிரியோ பரம்பரையைச் சேர்ந்தவர். கிரியோ என்போர் அரச வம்சக் கதைகளை வாய்மொழியாகக் காத்துப் பாடும் மேற்கு ஆபிரிக்கக் குலத்தவர், எமது பாவாமாருக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அந்தக் குரலையும் நிதானத்தையும் எந்தப் பாரிஸ் பயிற்சிக்கூடமும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் கொண்டுபோனார்.

இலங்கையிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. சரச்சந்திர ஜப்பான் போய் நோ, கபுகி நாடகங்களைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் ஜப்பானிய நாடகம் போடவில்லை. நாடகம் மரபின் குருவான சார்ள்ஸ் சில்வா குணசிங்கவிடம் போய் நின்றார். 1956இல் மனமே பிறந்தது. அதன்பின் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார்; 1962இல் கர்ணன் போர் வந்தது. விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கியது என்ற குறை உண்டு, அது நியாயமான குறை. ஆனால் அண்ணாவியாரைத் தேடிப் பல்கலைக்கழகம் நடந்து வந்தது. பொல்லடி அண்ணாவியாரைத் தேடி யார் வந்தார்கள்? சிங்களவரின் நாடகமும் தமிழரின் கூத்தும் பேராதனைக்குப் போன அந்தக் காலத்தில், எமது கலைகள் கலியாணப் பந்தலிலேயே நின்றுவிட்டன. எமது படித்தவர்களும் அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

வந்தவர்கள் 2004 சுனாமிக்குப் பிறகுதான் வந்தார்கள், வெள்ளை வாகனங்களில். எங்கள் கரையோரத்தில் நடந்த ஓர் அரங்கச் செயலமர்வில் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியனாக நானும் இருந்தேன். வெளிநாட்டு வளவாளர் எங்களை வட்டமாக நிற்க வைத்து, கைதட்டி, எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்து இடம்மாறச் சொன்னார். கூட்டு உணர்வை வளர்க்கும் பயிற்சியாம். எழுபது வயதைத் தாண்டிய பொல்லடி அண்ணாவியார் ஒருவர் பின்வரிசைக் கதிரையில் இருந்தார். இறுதி நாளில் அதிதிகளை வரவேற்க ஐந்து நிமிடம் ஆடித் தரும்படி அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வளவாளருக்கு நாளாந்தக் கொடுப்பனவு, எங்களுக்குச் சான்றிதழ், அண்ணாவியாருக்கு ஒரு பொன்னாடை. அந்த அமைப்பின் அறிக்கையில் நாங்கள் எல்லோரும் "பயனாளிகள்".

அப்படியானால் கதவைச் சாத்துவதா என்று நண்பர் கேட்பார். இல்லை. கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற சிற்றூரில் கே.வி. சுப்பண்ணா வளர்த்த நீநாசம் என்ற நாடக அமைப்பு, ஆபிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினரான சித்திகளோடு 1980களில் வேலை செய்தது. உத்தர கன்னடத்துச் சித்திகளில் முஸ்லிம்களும் உண்டு. சினுவா அச்செபேயின் நாவலைக் கன்னடத்தில் நாடகமாக்கி அவர்களையே நடிக்க வைத்தார்கள். நாடகத்தைத் தெரிந்தவர்கள் வெளியாட்கள்தான், அது பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் அவர்கள் அடுத்த மாவட்டத்தவர், கன்னடத்திலேயே அவர்களோடு பேசக்கூடியவர், ஒரு செயற்றிட்டம் முடிந்ததும் விமானம் ஏறிப் போகாதவர். பின்னாளில் நீநாசத்திலேயே படித்து மேடைக்கும் கன்னடத் திரைக்கும் வந்த சித்திகள் இருக்கிறார்கள்.

ஆபிரிக்கக் கலைஞர் ஒலுவிலுக்கு வரட்டும். ஜேர்மனியரும் வரட்டும். வந்தவுடன் முதல் இரண்டு கிழமை பொல்லைப் பிடித்து அண்ணாவியாரின் வட்டத்தில் நின்று விரல் நசியட்டும். அதன்பின் தங்களிடமுள்ளதைக் காட்டட்டும். செலவுத்திட்டத்தில் வளவாளர் என்ற நிரலில் அண்ணாவியாரின் பெயர் முதலாவதாக, அதே நாளாந்தத் தொகையோடு எழுதப்படட்டும். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. இதற்கு வெளிநாட்டு நிதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், அடிகளைக் குறித்துவைக்கத் தெரிந்த இரண்டு மாணவர்களும் போதும்.

அன்று பின்வரிசையில் இருந்தவர் மௌத்தாகிவிட்டார். அவரிடம் பொல்லெடுத்துப் பழகிய ஒருவர் இன்னும் இருக்கிறார். பாட்டு முழுதும் மனப்பாடம், தாளம் போடக் கைதான் இப்போது நடுங்குகிறது. அஸருக்குப் பின்னர் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார்.