பிறழ்வு எனப் பெயரிடும் அதிகாரம்

எழுத்தாளர் ஒருவரின் பெயர் நோயொன்றின் பெயராக மாறுவது அரிது. உளமருத்துவத்தில் அப்படி இருவர் உண்டு: பிரான்சின் மார்க்கி தெ சாத், ஆஸ்திரியாவின் லியோபோல்ட் ஃபொன் சாஹர்-மஸோஹ். வலி தருவதில் காமம் கொள்வதைச் சாடிசம் என்றும், வலியையும் பணிதலையும் ஏற்பதில் காமம் கொள்வதை மசோகிசம் என்றும் மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் ரிச்சர்ட் ஃபொன் கிராஃப்ட்-எபிங். அவருடைய 'சைக்கோபதியா செக்சுவாலிஸ்' 1886இல் வெளிவந்தது. மசோகிசம் என்ற சொல்லை 1890வாக்கில் அவர் உருவாக்கியபோது, சாத் மறைந்து முக்கால் நூற்றாண்டு கடந்திருந்தது. மஸோஹோ உயிரோடிருந்தார். தம் குடும்பப் பெயர் நோய்க்குறியாவதை அவர் கண்ணெதிரே காண நேர்ந்தது.

இலக்கிய வாசகர்கள் இவ்வரலாற்றின்முன் சற்று நிற்க வேண்டும். ஏனெனில், பாலியல் பிறழ்வுகளின் பட்டியல் மருத்துவமனைப் படுக்கையருகே மட்டும் உருவானதல்ல. நீதிமன்ற வழக்குகளும் நோயாளிகளின் கடிதங்களும் புனைகதைகளும் அதில் கலந்துள்ளன. கிராஃப்ட்-எபிங்கின் அளவுகோல் இனப்பெருக்கம். அதற்கு உதவாத வேட்கை அனைத்தும் அவருக்குப் பிறழ்வே. அறவியலின் தீர்ப்பு மருத்துவரின் அங்கியை அணிந்துகொண்டது என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

அந்த அங்கி எளிதில் கழலவில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1952இல் வெளியிட்ட முதல் டி.எஸ்.எம். கையேடு தன்பாலீர்ப்பையும் பாலியல் பிறழ்வாகவே வகைப்படுத்தியது. 1973 டிசம்பரில் சங்கத்தின் அறங்காவலர் குழு அதை நீக்கியது. எதிர்ப்பு எழவே, 1974இல் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தனர். ஒரு நோய் வாக்குச்சீட்டால் மறைந்துவிட்டது என்று இன்றும் கேலி பேசுவோர் உண்டு. அவர்கள் ஒன்றைக் காணத் தவறுகிறார்கள். அந்நிலையை நோய் என்று பட்டியலில் சேர்த்ததும் காலத்தின் பொதுக்கருத்துத்தானே? வாக்கெடுப்பு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவே.

1980இல் வந்த மூன்றாம் பதிப்பு 'பாராபிலியா' என்னும் சொல்லைக் கையாண்டது. பாதைக்கு அருகே விலகி நிற்கும் விருப்பம் என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். வசைச்சாயல் குறைந்த சொல். ஆயினும் அதே பதிப்பு, தம் தன்பாலீர்ப்பு குறித்துத் துயருறுவோருக்கென ஒரு நோய்ப்பெயரை வைத்திருந்தது. 1987இல்தான் அதுவும் அகன்றது. அன்றாடம் ஒருவனை இழிவுபடுத்திவிட்டு, அவன் துயருறுவதையே நோய்க்குச் சான்றாகக் காட்டும் தருக்கம் அது.

2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆர்வத்தையும் கோளாற்றையும் பிரித்தது. வழக்கத்துக்கு மாறான பாலார்வம் தன்னளவில் நோயன்று. அது ஒருவருக்குத் துயரமோ செயல்முடக்கமோ தரும்போதும், பிறருக்குத் தீங்காகும்போதும்தான் கோளாறு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 மேலும் முன்சென்று, பொருள்மீதான காமத்தையும் இசைவோடு நிகழும் சாடிச-மசோகிசத்தையும் தனி நோய்ப்பெயர்களாக வைப்பதைக் கைவிட்டது. சிறார்மீதான வேட்கை, ஒளிந்து பார்த்தல், வற்புறுத்தும் வன்காமம் போன்றவை நீடிக்கின்றன. இசைவு தராத, தர இயலாத மனிதர் அங்கே இருக்கிறார் என்பதே காரணம். பிறர் வெறுப்பதால் மட்டும் எழும் துயரத்தை அது நோய்க்குச் சான்றாகக் கொள்வதில்லை. அளவுகோல் இனப்பெருக்கத்திலிருந்து இசைவுக்கு வந்து சேர நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இம்மாற்றம் நம் மொழியில் இன்னும் நிகழவில்லை. நாளிதழ்கள் வன்புணர்வாளனைக் 'காமக்கொடூரன்', 'சைக்கோ' என எழுதுகின்றன. பாலியல் குற்றம் புரிவோர் எல்லோரும் உளநோயாளிகள் அல்லர். பலருக்கு எந்தக் கோளாறும் இல்லை. அதிகாரமும் தண்டனை வராது என்னும் துணிவும் இருக்கின்றன. நோய்ப்பெயர் சூட்டும்போது அவனுடைய பொறுப்பும் நம்முடைய பொறுப்பும் ஒருங்கே கரைந்துவிடுகின்றன. மறுபுறம், யாருக்கும் தீங்கிழைக்காமல் தன் வேட்கையோடு போராடுபவர் அதே சொற்களுக்கு அஞ்சி மருத்துவரை நாடாமலிருக்கிறார்.

நம் விமர்சனத்திலும் 'வக்கிரம்' என்னும் சொல் மலிவாகப் புழங்குகிறது. ஒரு படைப்பை நோக்கி அதை எறியுமுன், அங்கே யாருடைய இசைவு மீறப்பட்டது, யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டுக்கொள்ளலாம். அதற்கு விடை இல்லையெனில், நாம் சொல்வது விமர்சனமன்று, வெறும் அருவருப்பு.